‘குரூமிங்’ என்பதற்குக் ‘கோதல்’: சடைநாயை முன்வைத்துச் சில குறிப்புகள்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நான் எழுதும் நாய் வளர்ப்புக் கையேட்டுக்காக ‘குரூமிங்’ (நாயின் மயிரைச் சீவி, சிக்கெடுத்து, வேண்டிய இடத்தில் வெட்டிச் சுத்தமாக வைக்கும் வேலை) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். ஒப்பனை, சிகை திருத்தம், சீர்ப்படுத்தல், பேணல், கோதல் என்று ஐந்து பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எல்லாருக்கும் நன்றி. என் கை ‘கோதல்’ பக்கம்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் சொல் பிசகினால் அடிபடுவது வாயில்லாச் சீவன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சித்திரை வெயில் பாளையங்கோட்டையை வறுத்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் வீட்டுச் சடைநாய் நாள் முழுக்க நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. ‘நாய்களுக்கு முடி வெட்டப்படும்’ என்று பலகை போட்ட ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். “வெயிலுக்குத் தோதா முடிவெட்டி விடுங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், கழுத்துக்குக் கீழே தோல் தெரிய மழித்திருந்தது. நாலாம் நாள் முதுகெல்லாம் சிவந்து, சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது. தொடையிலும் வாலடியிலும் மயிர் முளைத்து மூட ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. முளைத்ததும் பஞ்சு மாதிரிதான் இருந்தது, பழைய பளபளப்பு இல்லை.

நானும் அவரும் சொன்னது ஒரே சொல், ‘முடிவெட்டு’. நான் நினைத்தது நுனியைக் கத்தரிப்பதை. அவர் செய்தது மழிப்பு. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் புழக்கத்தில் இருந்திருந்தால் பலகையிலேயே எழுதியிருப்பார்கள், நானும் கேட்டிருப்பேன்.

பொமரேனியன் போன்ற சடைநாய்க்கு மயிர் இரண்டு அடுக்கு. மேலே நீளமாக, சற்று முரடாக இருப்பது மேல்மயிர். அதை விலக்கிப் பார்த்தால் தோலை ஒட்டி மெத்தென்று இருப்பது அடிமயிர். மேல்மயிர் வெயில் தோலில் நேராக விழாமல் காக்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்தில் மட்டும்தான் வேர்க்கும். நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதனால் மழித்துவிட்டால் குளிர்ச்சி வந்துவிடும் என்ற நம் கணக்கு அங்கே செல்லாது. உதிர்ந்து சிக்கிக் கிடக்கும் அடிமயிரைக் கோதி எடுத்துவிட்டாலே உள்ளே காற்று போகும். அதற்கு வேண்டியது சீப்புதான், கத்தரி இல்லை.

“நம்மிடம் ஏன் இதற்கெல்லாம் சொல் இல்லை?” என்று ஒரு நண்பர் வருந்தியிருந்தார். நம் சீமையில் அந்த வேலையே இருந்ததில்லை, அதுதான் காரணம். சிப்பிப்பாறை, கன்னி, பக்கத்து இராசபாளையம் மூன்றும் தோலோடு ஒட்டிய குட்டை மயிர் நாய்கள். ஈரத்துணியால் ஒரு துடைப்பு துடைத்தால் மின்னும். ஆடுகூட அப்படித்தான். வெம்பூர் ஆடு, கீழக்கரிசல் ஆடு எதற்கும் கம்பளி மயிர் கிடையாது. கத்தரி எடுக்கும் தேவையே இல்லாத ஊரில் அதற்குச் சொல் எப்படி வரும்?

ஆனால் கோதுதல் இருக்கிறது. குருவி அலகால் இறகைக் கோதுவதைப் பார்க்கிறோம். எங்கள் ஆச்சி வெள்ளிக்கிழமை தலை முழுகியதும் திண்ணையில் உட்கார்ந்து, விரலைச் சீப்பாக்கி நுனியிலிருந்து மேலே மேலே கோதிக்கொண்டு போவாள். சிக்கு விழுந்த இடத்தில் மட்டும் சிணுக்கோலியை (சிக்கெடுக்கும் கூர்நுனிக் கோல்) எடுப்பாள். சடைநாய்க்கும் அதே முறைதான், நுனியில் தொடங்கி அடிக்குப் போக வேண்டும். சிக்குப் பிடித்த சடையை அவிழ்க்கும் கம்பிச்சீப்புக்குச் ‘சிணுக்கோலி’ என்றே பெயர் வைத்துவிடலாம் என்பது என் ஆசை. ஒரு வித்தியாசம் உண்டு. நாய்க்குக் குளிப்பாட்டும் முன்பே கோதிவிட வேண்டும். சடையில் தண்ணீர் பட்டால் இறுகிவிடும்.

“கோது என்றால் சக்கை, குற்றம் என்று பொருள் வருமே?” என்று குழுமத்தில் ஒரு கேள்வி.

வரும். ஆனால் அது பெயர்ச்சொல், இது வினை. ‘படி’ என்பதை ஏறவும் வைத்திருக்கிறோம், வாசிக்கவும் வைத்திருக்கிறோம், யாரும் குழம்புவதில்லை.

‘பேணல்’ நல்ல சொல். ஆனால் சோறு போடுவதும் ஊசி போடுவதும் அதற்குள் அடங்கிவிடும். ‘ஒப்பனை’ கூடவே கூடாது. அழகுக்குச் செய்வது என்று ஆகிவிட்டால், சிப்பிப்பாறை வைத்திருப்பவர் நமக்கெதற்கு என்று விட்டுவிடுவார். காது மடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி ஒளிந்திருப்பது கோதும் விரலுக்குத்தானே தட்டுப்படும்?

அடுத்தது ‘எத்தனை நாளுக்கு ஒருமுறை’ என்பதற்கான சொல். ‘சுழற்சி’, ‘இடைவெளி’ என்றார்கள். நான் ‘தவணை’ என்கிறேன். தடுப்பூசிக்கு “அடுத்த தவணை எப்போ?” என்று கேட்டு இங்கே எல்லாருக்கும் பழக்கம். கையேட்டில் இப்படி எழுதிப் பார்த்தேன்:

குட்டை மயிர் நாய்க்குக் கோதல் தவணை வாரம் ஒன்று, ரப்பர் கையுறை போதும். ஈரடுக்கு மயிர் நாய்க்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள், உதிரும் பருவத்தில் தினமும். கத்தரிப்பு பாதத்தைச் சுற்றியும் பின்புறத்திலும் மட்டும். மருத்துவர் சொன்னாலொழிய மழிப்பு வேண்டாம். ஷிட்சூ, பூடில் போல மயிர் வளர்ந்துகொண்டே இருக்கும் வகைக்குத் தினமும் கோதல், 4 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கத்தரிப்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், தென்காசிப் பக்கம் சாரல் காலத்திலும், நனைந்த நாயை அடிமயிர் வரை துவட்டி உலர்த்திக் கோத வேண்டும். ஈரம் தங்கினால் சடை கட்டும், அதன் அடியில் தோல் புண்ணாகும்.

வாசித்துப் பார்த்தால் தடங்கல் இருப்பதாகத் தெரியவில்லை. உங்களுக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

‘மயிர்’ கெட்டவார்த்தை, ‘ரோமம்’ என்று மாற்றுங்கள் என்ற யோசனையை ஏற்க மனமில்லை. மானத்துக்கு உவமை தேடிய வள்ளுவர் ‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா’ என்றுதான் 969ஆம் குறளில் எழுதினார். தெருவில் வைகிறார்கள் என்பதற்காக அந்தச் சொல்லைக் கையேட்டிலிருந்து விரட்டினால், பிறகு அது வசவுக்கு மட்டுமே மிஞ்சும்.

ஆக மேல்மயிர், அடிமயிர், கோதல், கத்தரிப்பு, மழிப்பு, தவணை, சிணுக்கோலி. இவற்றோடு இன்னும் ஒன்று குறைகிறது. பருவம் மாறும்போது அடிமயிர் கொத்துக் கொத்தாகக் கழன்று வருமே, அதற்குப் பெயர் வேண்டும். பாம்புக்குச் ‘சட்டை உரித்தல்’ இருக்கிறது. ‘உதிர்வு’ என்றால் நோயால் கொட்டுவதையும் குறித்துவிடுகிறது. கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம் நாயோ ஆடோ வைத்திருப்பவர்கள் வாயில் இதற்கு என்ன சொல் புழங்குகிறது என்று கேட்டு எழுதுங்கள். அச்சுக்கு அனுப்புமுன் சேர்த்துவிடுகிறேன்.