ட்ரம்பெட்ல டி நோட் ஊதினா களகள – வீட்டு குரூப் சாட்

நான்: மாமா இருக்கீங்களா? ட்ரம்பெட்ல வாட்டர் கீய (தண்ணிய வெளிய விடற சின்ன மூடி) அமுக்கி ஊதி தண்ணி எல்லாம் எடுத்துட்டேன் ஆனா இன்னும் களகளன்னு சத்தம் கேக்குது

மாமா: எல்லா நோட்லயுமா சிலதுல மட்டுமா? அத சொல்லு முதல்ல

நான்: சி, ஜி நல்லா வருது. கீழ் டி, ஈ ஃப்ளாட் ரெண்டும் மோசம்

மாமா: எஃப்?

நான்: சுத்தமா இருக்கு. ஈ-யும் ஓகே

மாமா: அப்போ தெரிஞ்சுடுச்சு. டி-க்கு 1, 3 வால்வு அமுக்குற, ஈ ஃப்ளாட்டுக்கு 2, 3. எஃப்-க்கு 1 மட்டும், ஈ-க்கு 1, 2. கெட்டுப்போற ரெண்டுலயும் பொதுவா இருக்கறது 3 தான், அதனால மூணாவது வால்வோட ஸ்லைடுல, அதான் இழுத்து உருவுற வளைஞ்ச குழாய்ல, தண்ணி நிக்குது. வாட்டர் கீ ட்யூனிங் ஸ்லைடுல (சுருதி சேக்கற பெரிய ஸ்லைடு) இருக்கு, அது அங்க நிக்கறத தான் எடுக்கும், வால்வு ஸ்லைடுக்குள்ள போனது அது வழியா வராது

நான்: ஏன் மாமா மூணாவதுல மட்டும்?

மாமா: ட்ரம்பெட்ல பொதுவா ட்யூனிங் ஸ்லைடு தாண்டி காத்து முதல்ல போய் சேர்றது மூணாவது வால்வுக்கு தான், அங்கேருந்து ரெண்டாவது, அப்புறம் முதலாவது. ஸ்லைடும் அதுல தான் நீளம், அதான் அங்க சீக்கிரம் சேருது

அம்மா: அண்ணா அவ்ளோ எச்சில் எப்படி வருது இவனுக்கு, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?

மாமா: ஒண்ணும் இல்லம்மா, அதுல எச்சில் கொஞ்சம் தான். மூச்சுக்காத்து சூடா ஈரமா போகுது, பித்தளை அதவிட குளிர்ச்சியா இருக்கு, அந்த ஈரம் குழாய் உள்பக்கம் துளித்துளியா படியுது. ரூம் குளிரா இருந்தா இன்னும் சீக்கிரம் சேரும். நல்லா ஊதுறவங்களுக்கும் வரும், கவலப்படாத

அம்மா: சரிண்ணா, பயந்துட்டேன்

மாமா: டேய் இப்போ மூணாவது வால்வை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே அந்த ஸ்லைடை மெதுவா வெளிய இழு, ட்ரம்பெட்ட சாய்ச்சு தண்ணிய கொட்டு, திரும்ப போடும்போதும் வால்வு அமுங்கியே இருக்கணும். அமுக்காம இழுத்தா உள்ள காத்து போக வழி இல்லாம டப்புன்னு வெடிச்ச மாதிரி சத்தம் வரும், அது வால்வுக்கும் ஸ்லைடுக்கும் நல்லதில்ல. சில ட்ரம்பெட்ல மூணாவது ஸ்லைடுலயே தனியா ஒரு வாட்டர் கீ இருக்கும், இருந்தா இழுக்கவே வேணாம்

நான்: எனக்கு இல்ல, இழுக்கறேன்

அக்கா: என் ஃப்ரெஞ்ச் ஹார்ன்ல இது இன்னும் பெரிய வேலைடா 😅 எஃப் பக்கம் (எஃப் சுருதிக்கான குழாய்) மட்டுமே கிட்டத்தட்ட 3.7 மீட்டர் குழாய், எந்த வளைவுல நிக்குதுன்னு கண்ணுக்கு தெரியாது. ஒவ்வொரு வால்வா அமுக்கி ஊதிப் பாப்பேன், எதுல சத்தம் வருதோ அந்த ஸ்லைடை உருவுவேன். அதுக்கும் வரலைன்னா ஹார்ன ஸ்டீயரிங் மாதிரி மெல்ல சுத்தி ஒரு பக்கமா தண்ணிய கொண்டுவந்து எடுப்பேன்

நான்: மாமா வந்துச்சு!! நிறைய வந்துச்சு. டி இப்போ சுத்தமா இருக்கு 🎺 ஆனா வால்வுக்குள்ள மேல கீழ போற பிஸ்டன் கொஞ்சம் மெதுவா எழும்புற மாதிரி இருக்கு

மாமா: தண்ணி கேசிங்குள்ள (பிஸ்டன் உக்கார்ற கூடு) போனா எண்ணெய் படலம் கலைஞ்சுடும். அடிமூடிய கழட்டி பாரு, அங்க தண்ணியும் ஆயிலும் கலந்து பால் மாதிரி வெள்ளையா நின்னா துணியால துடை. பிஸ்டனையும் துடைச்சு வால்வ் ஆயில் போடு, எந்த பிஸ்டன் எந்த கேசிங்னு நம்பர் பாத்து போடு, மாத்திட்டா காத்தே போகாது

அக்கா: ஜூஸ் குடிச்சுட்டு உடனே ஊதாதடா, இனிப்பு உள்ள போய் பிசுபிசுன்னு பிடிச்சுக்கும், வாய் கொப்பளிச்சுட்டு எடு

மாமா: ஆமா அதுவும் முக்கியம். அப்புறம் ஊதி முடிச்சதும் கேஸ்ல வைக்கறதுக்கு முன்னாடி எல்லா ஸ்லைடும் ஒரு தடவை காலி பண்ணு. ஈரமா பூட்டி வச்சா பித்தளைல இருக்க துத்தநாகம் அரிச்சு செம்பு நிறத்துல புள்ளி புள்ளியா வரும், அது வந்துட்டா திரும்ப சரி பண்ண முடியாது

நான்: நடுவுல ரிகர்சல்ல சேர்ந்துச்சுன்னா என்ன பண்றது மாமா, ஸ்லைடு இழுத்துட்டு இருக்க டைம் இருக்காதே

மாமா: நீ ஊதாம இருக்கற ரெஸ்ட் பார் வர்றப்ப வால்வை அமுக்கி உதடு அதிராம வெறும் காத்து மட்டும் ஊது, எந்த வால்வுல களகளங்குதுன்னு உடனே தெரிஞ்சுடும், அந்த ஒரு ஸ்லைடு மட்டும் இழுத்தா போதும், பழகிட்டா ரெண்டு பார்லயே முடிஞ்சுடும்

அம்மா: கீழ ஒரு துணி விரிச்சுக்கோப்பா, தரை வழுக்கும்

நான்: சரிம்மா, விரிச்சுட்டேன்