விசார்டுக்கு எட்டுப் பள்ளிகள் தேவையா?

இருபதுமுகம்:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று மேஜையில் ஆடும் ஆட்டத்தில் மந்திரங்களை எட்டுப் பள்ளிகளாக, அதாவது எட்டு வகைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்களே, அதை எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. ஒரே ஒரு மந்திரத்தை வைத்துக் காரணம் சொல்கிறேன்.

காயம் ஆற்றும் மந்திரம். 1978 விதிநூலில் கியூர் லைட் வூண்ட்ஸ் என்ற பெயரில் நெக்ரோமான்சியில் இருந்தது, அதாவது உயிரையும் சாவையும் கையாளும் வித்தை. 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்ததும் கான்ஜுரேஷனுக்குப் போனது. அது எங்கிருந்தோ ஒன்றை வரவழைக்கும் வித்தை. 2014-இல் எவோகேஷன்: நெருப்பையும் மின்னலையும் ஏவுகிற அதே பள்ளி. 2024 விதிநூலில் அப்ஜுரேஷன், காப்பு வித்தை. செய்கிற வேலை மாறவே இல்லை, காயம்தான் ஆறுகிறது. பள்ளி மட்டும் மூன்று முறை மாறிவிட்டது.

டெலிபோர்ட் இன்னும் மோசம். 2000-இல் உருமாற்ற வித்தையான டிரான்ஸ்மியூட்டேஷன், 2003-இல் மூன்றாம் பதிப்புக்கு வந்த 3.5 திருத்தத்தில் கான்ஜுரேஷன். மூன்றே வருடம்!

சரி, பள்ளியைத் தேர்ந்தெடுத்த விசார்டுக்காவது, அதாவது புத்தகம் படித்து மந்திரம் கற்கும் மந்திரவாதிக்காவது அது ஏதாவது செய்கிறதா? 2014 விதிப்படி தன் பள்ளி மந்திரத்தைப் புத்தகத்தில் எழுதப் பாதிப் பணமும் பாதி நேரமும் போதும். அது போகச் சில தனித்திறன்கள். நெருப்பு வீசுகிற எவோக்கர், அதாவது எவோகேஷன் பள்ளிக்காரர், அடுத்த லெவலிலேயே பிணங்களை எழுப்பும் அனிமேட் டெட் மந்திரத்தைக் கற்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. அப்படியென்றால் அவர் எந்த விதத்தில் எவோக்கர்?

சாம்பல்அங்கி:
நோயைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், மருந்துதான் தவறு. பள்ளிகள் இருப்பதில் குற்றமில்லை. பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர் எதையும் இழப்பதில்லை என்பதுதான் குற்றம்.

1989-இல் வந்த இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். எட்டுப் பள்ளிகளையும் ஒரு வட்டத்தில் எதிரெதிராக வைத்தார்கள். ஒன்றில் தேர்ந்தவருக்கு எதிரே உள்ளவை மூடிவிடும். மாயத்தோற்றம் காட்டும் இல்யூஷனிஸ்டுக்கு நெக்ரோமான்சி இல்லை, எவோகேஷன் இல்லை, அப்ஜுரேஷனும் இல்லை. ஃபயர்பால் என்ற மந்திரத்தை அவர் ஆயுள் முழுக்கத் தொட முடியாது. பதிலுக்கு ஒவ்வொரு மந்திர லெவலிலும் ஒரு மந்திரம் கூடுதல், தன் பள்ளி மந்திரங்களைக் கற்கும் வாய்ப்பும் 15% அதிகம்.

அதனால் மேஜையில் என்ன நடக்கும்? ஆர்க் என்ற அரக்கர்கள் இருபது பேர் ஓடி வரும்போது எவோக்கர் நெருப்பைப் போட்டு முடித்துவிடுவார். இல்யூஷனிஸ்ட் யோசித்தே ஆக வேண்டும். பாலம் இடிந்ததுபோலக் காட்டலாமா, அவர்களுடைய தலைவனின் குரலில் பின்வாங்கச் சொல்லலாமா, பின்னால் ஒரு டிராகன் எழுவதுபோலக் காட்டலாமா என்று. ஆட்டத்தில் நான் கண்ட மிக அழகான தருணங்கள் இப்படி வழி அடைபட்ட மந்திரவாதிகளிடமிருந்துதான் வந்தன. குனோம் இனத்தவர் விசார்டாக விரும்பினால் இல்யூஷனிஸ்டாக மட்டுமே ஆக முடியும் என்று அந்தப் பதிப்பில் ஒரு விதி உண்டு. அது நியாயமா என்பது வேறு பேச்சு. ஆனால் குனோம் மந்திரவாதி என்றதும் மனதில் ஒரு ஆள் வந்து நிற்கிறார் அல்லவா, அது அந்தக் கட்டுப்பாட்டின் வேலை.

மூன்றாம் பதிப்பில் வட்டம் போய்விட்டது. எதைக் கைவிடுவது என்பதை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். 3.5-இல் பொதுவாக இரண்டு பள்ளிகள், மறைந்ததை அறியும் வித்தைக்காரரான டிவினர் மட்டும் ஒன்று. தனக்குத் தேவைப்படாததைத்தானே எவரும் கைவிடுவார்? இழப்பு அங்கேயே நீர்த்துப்போனது. 2014-இல் முற்றிலும் போனது.

தாழ்வாரம்:
புதியவர்களை வைத்து ஆட்டம் நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்தி விதிகளைத் தீர்ப்பவர்) என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும், சாம்பல்அங்கி அண்ணா. அந்த இல்யூஷனிஸ்ட் மேஜையில் அழகாக இருப்பது டிஎம் இடம் கொடுத்தால்தான். மாயத்தோற்றத்தை எதிரிகள் நம்புகிறார்களா என்பது பெரும்பாலும் டிஎம் கையில் இருக்கிறது. ஃபயர்பால் அப்படி இல்லை. இருபது அடி ஆரம், எட்டு ஆறுமுகப் பகடை, உருட்டினால் முடிந்தது. கண்டிப்பான டிஎம்மிடம் மாட்டிய இல்யூஷனிஸ்டுக்கு மூன்று பள்ளிகளும் இல்லை, கையில் இருப்பதும் வேலை செய்யவில்லை என்றால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். விதிகள் இளகியதற்கு இந்த மாதிரி ஆட்டக்காரர்களும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் இருபதுமுகம் சொல்வதுபோல எடுத்துவிட எனக்கு மனமில்லை. டிடெக்ட் மேஜிக் மந்திரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பொருளில் மந்திரம் இருக்கிறது என்பதோடு அது எந்தப் பள்ளி என்பதையும் அது காட்டும். பூட்டிய கதவில் அப்ஜுரேஷன் தெரிந்தால் காவல் போட்டிருக்கிறார்கள். சிரித்துப் பேசும் அமைச்சரின் மேல் மனதை மயக்கும் என்சான்ட்மென்ட் தெரிந்தால் அவர் பேச்சு அவருடையது இல்லை. துப்பறியும் கதை நடத்துகிறவர்களுக்கு இது பெரிய வரம். பள்ளியை எடுத்துவிட்டால் "ஏதோ மந்திரம் இருக்கிறது" என்பதோடு நின்றுவிடும்.

மையக்கூடு:
பள்ளிகளே இல்லாமல் இதைவிட நேர்த்தியாகச் செய்த ஆட்டம் 1987-லேயே இருக்கிறது. ஆர்ஸ் மேஜிகா. ஜோனதன் ட்வீட்டும் மார்க் ரைன்-ஹேகனும் உருவாக்கியது. கதைக்களம் 1220-ஆம் ஆண்டு ஐரோப்பா, கூடவே அந்தக் காலத்து மக்கள் நம்பிய பூதங்களும் தேவதைகளும் உண்மையாகவே உண்டு.

அங்கே ஐந்து வினைகள், பத்துப் பொருள்கள். படைத்தல், அறிதல், மாற்றுதல், அழித்தல், ஆளுதல் என்ற ஐந்தையும் லத்தீனில் கிரியோ, இன்டெல்லெகோ, மூட்டோ, பெர்டோ, ரெகோ என்பார்கள். பொருள்களில் நெருப்பு, நீர், உடல், மனம், தோற்றம் என்று பத்து. ஒரு வினையை ஒரு பொருளோடு சேர்த்தால் ஒரு மந்திரம், ஆக ஐம்பது சேர்க்கைகள். நெருப்பை உண்டாக்குவது கிரியோ இக்னெம். ஆள் மறைவது பெர்டோ இமாஜினெம், தோற்றத்தை அழிப்பது. எவ்வளவு துல்லியம் பாருங்கள்!

இருபதுமுகம் கேட்ட காயம் ஆற்றும் மந்திரத்துக்கு வருகிறேன். அது கிரியோ கார்ப்பஸ், உடலை அதன் முழுமைக்குக் கொண்டுவருவது. இதில் வாதாட இடமே இல்லை. இன்னொன்றும் உண்டு. காயம் நிரந்தரமாக ஆற வேண்டுமானால் சடங்கு செய்ய வேண்டும், விஸ் என்ற அரிய மந்திரச்சாறு செலவாகும். இல்லாவிட்டால் மந்திரத்தின் காலம் முடிந்ததும் காயம் திரும்பிவிடும். மந்திரம் எந்தப் பிரிவு என்பதிலிருந்தே அதன் விலையும் எல்லையும் பிறக்கின்றன. எட்டுப் பள்ளிகளில் அப்படி எதுவும் பிறப்பதில்லை.

அந்த ட்வீட்தான் பின்னால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பின் வடிவமைப்பை முன்னின்று நடத்தினார். கையில் அவ்வளவு நல்ல இலக்கணம் இருந்தும் எட்டுப் பள்ளிகள் அப்படியே தொடர்ந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சாம்பல்அங்கி:
மையக்கூடு, நீங்கள் சொல்வது வகைப்பாடு. நான் பேசுவது பள்ளி. ஆர்ஸ் மேஜிகாவிலேயே இரண்டும் தனித்தனியாக இருப்பதைக் கவனியுங்கள். ஐம்பது சேர்க்கைகள் ஒரு பக்கம், ஹவுஸ் எனப்படும் பன்னிரண்டு மந்திரவாதி மரபுகள் மறுபக்கம். ஃபிளாம்போ ஹவுஸ் என்றால் நெருப்புக்குப் பேர்போனவர்கள், கேர்னிகஸ் என்றால் மந்திரவாதிகள் சங்கத்தின் சட்டத்தைக் காப்பவர்கள், பியோர்னேர் என்றால் மிருக உருவெடுப்பவர்கள். அந்த ஆட்டத்தை நேசிப்பவர்கள் தங்கள் மந்திரவாதியை எப்படி அறிமுகம் செய்கிறார்கள்? "நான் கிரியோவில் பத்து" என்றா, "நான் ஃபிளாம்போ" என்றா? குரு, மரபு, பகை, கடமை எல்லாம் ஹவுஸில் இருக்கின்றன.

எட்டுப் பள்ளிகளுக்கும் அந்த உயிர் வந்த இடம் உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் கற்பனை உலகங்களில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் தேய் என்ற நாடு. அங்கே சிவப்பு மந்திரவாதிகள் ஆட்சி. பள்ளிக்கு ஒரு சுல்கிர், அதாவது தலைவர் வீதம் எட்டு சுல்கிர்கள். நெக்ரோமான்சியின் சுல்கிர் ஸாஸ் டாம், சாகாத பிணமாகிப்போன லிச். அவர் மற்றவர்களை எதிர்த்து உள்நாட்டுப் போர் நடத்தி நாட்டைத் தன் பிடிக்குள் கொண்டுவருகிறார். இந்தக் கதையிலிருந்து பள்ளிகளை எடுத்துவிட்டுப் பாருங்கள், ஒன்றும் மிஞ்சாது. அங்கே பள்ளி என்பது ஒரு நாற்காலி, ஒரு படை, ஒரு கட்சி.

இருபதுமுகம்:
தேய் உதாரணம் என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது, நண்பரே. அந்த உயிர் உலகத்தை எழுதியவர்கள் கொடுத்தது, விதிநூல் கொடுத்ததில்லை. அதே ஆட்டத்தின் இன்னொரு கற்பனை உலகமான டிராகன்லான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மந்திரவாதிகள் வெள்ளை, சிவப்பு, கறுப்பு அங்கிகளாகப் பிரிகிறார்கள். சொலினாரி, லுனிடாரி, நுயிடாரி என்று மூன்று நிலவுகள். தன் நிலவு வளர்ந்தால் மந்திரவாதிக்குப் பலம் கூடும், தேய்ந்தால் குறையும். சங்கத்தில் சேரக் கோபுரத்தில் சோதனை, தோற்றால் சாவு. அங்கியைத் தீர்மானிப்பது மந்திரத்தின் வகை அல்ல, அவர் அதை எதற்காகப் பயன்படுத்துகிறார் என்பது. எட்டுப் பள்ளிகளில் எதையும்விட அந்த மூன்று அங்கிகள் ஆளை நன்றாகக் காட்டுகின்றன.

இதே வழியில்தான் பைசோ நிறுவனத்தின் பாத்ஃபைண்டர் ஆட்டமும் போயிருக்கிறது. 2023 ஜனவரியில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளை மற்றவர்களும் பயன்படுத்த அனுமதித்த திறந்த உரிமம் பற்றிய பெரிய சண்டை வந்ததே, அதற்குப் பிறகு பைசோ தன் விதிநூல்களைத் திருத்தி எழுதியது. அந்த வருடம் நவம்பரில் வந்த நூலில் எட்டுப் பள்ளிகள் இல்லை. அவற்றின் இடத்தில் நிஜமாகவே கல்விக்கூடம்போல ஒலிக்கும் பள்ளிகள்: போர் மந்திரம், மன ஆற்றல், நகர நிர்மாண மந்திரம் என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடத்திட்டம், அதில் இன்னின்ன மந்திரங்கள். நகர நிர்மாணம் படித்த விசார்ட் என்றால் அவர் எங்கே வேலை பார்த்திருப்பார், யாரிடம் கூலி வாங்கியிருப்பார் என்றெல்லாம் கதை தானாக வருகிறது. டிரான்ஸ்மியூட்டர் என்றால் எனக்கு எதுவும் வருவதில்லை.

இன்னொன்று. 2014-இல் எல்ட்ரிட்ச் நைட் என்ற வீரருக்கு அப்ஜுரேஷனும் எவோகேஷனும் மட்டுமே பெரும்பாலும் திறந்திருந்தன. ஆர்கேன் டிரிக்ஸ்டர் என்ற திருடருக்கு என்சான்ட்மென்டும் இல்யூஷனும். பள்ளி ஒரு சுவராக மிஞ்சியிருந்த கடைசி இடங்களில் அவை இரண்டு. 2024-இல் அந்தச் சுவரையும் இடித்துவிட்டார்கள். விசார்ட் தேர்ந்தெடுக்கவும் அந்த நூலில் நான்கே பள்ளிகள்: அப்ஜுரர், டிவினர், எவோக்கர், இல்யூஷனிஸ்ட். உருவாக்கியவர்களே மெல்ல மெல்லக் கைகழுவுகிறார்கள்.

தாழ்வாரம்:
கைகழுவிப் பார்த்தார்களே! 2008-இல் நான்காம் பதிப்பு விசார்டுக்குப் பள்ளி கிடையாது. கோளம், கைத்தடி, மந்திரக்கோல் இவற்றில் எதில் தேர்ந்தவர் என்பதுதான் கேள்வி. 2010-இல் மேஜ் என்ற வடிவம் வந்தபோது இல்யூஷன், என்சான்ட்மென்ட், எவோகேஷன் திரும்பி வந்தன. ஆட்டக்காரர்கள் அந்தச் சொற்களோடு வளர்ந்தவர்கள். முதல் நாள் வருகிற புதியவர்கூட "பிணங்களை எழுப்புகிற மந்திரவாதியாக ஆடலாமா?" என்று கேட்கிறார். அந்த ஆசைக்கு ஒரு பெயர் வேண்டும்.

அந்தப் புதியவரிடம்தான் எனக்குச் சங்கடம். இறந்தவரை மீட்கும் ரிவிவிஃபை, ரெய்ஸ் டெட் இரண்டும் இப்போது நெக்ரோமான்சிதான். ஆனால் இரண்டும் விசார்ட் பட்டியலிலேயே இல்லை, கடவுளின் அருளால் மந்திரம் போடும் கிளெரிக் போன்றவர்களுக்குத்தான். சாவைப் பற்றி ஆயுள் முழுக்கப் படித்த நெக்ரோமான்சர் நண்பனின் பிணத்தருகே கைகட்டி நிற்கிறார். இதை நான் என் மேஜையில் மாற்றிவிட்டேன்.

மையக்கூடு:
அது நல்ல மாற்றம். சாம்பல்அங்கி சொன்ன இழப்பு பற்றி ஒரு வார்த்தை. ஆர்ஸ் மேஜிகாவில் விரும்பினால் ஒரு கலையில் குறைபாடு எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கலை கலந்த எல்லாக் கணக்கும் பாதியாகும். கதவு மூடாது, கனக்கும். முழுத் தடையைவிட இது தாழ்வாரம் சொன்ன புதியவரைக் காப்பாற்றும்.

சாம்பல்அங்கி:
பாதியாவது எனக்குப் போதாது. கனமான கதவை லெவல் ஏறினால் தள்ளிவிடலாம். தடை என்றால் பன்னிரண்டாம் லெவலிலும் தடையாக நிற்க வேண்டும்.

என் அடுத்த கேம்பெய்னுக்கு, அதாவது பல வாரம் தொடரும் கதையாட்டத்துக்கு எழுதிவைத்த விதி இது. 2024 விதிநூல்தான் அடிப்படை. விசார்ட் எவரும் மூன்றாம் லெவலில் பள்ளி எடுக்கும்போது 1989 வட்டப்படி எதிர்ப்பள்ளிகள் மூடும். அந்தப் பள்ளி மந்திரங்களை மந்திரச் சுருளில் இருந்தும் வாசிக்க முடியாது. பதிலுக்கு ஒவ்வொரு மந்திர லெவலிலும் தன் பள்ளியில் ஒரு மந்திரம் எப்போதும் தயாராக இருக்கும். தாழ்வாரத்தின் மாற்றத்தையும் சேர்க்கிறேன்: ரெய்ஸ் டெட் நெக்ரோமான்சருக்கு உண்டு.

இருபதுமுகம்:
அந்தத் தடையோடு ஆட நான் வருகிறேன், இல்யூஷனிஸ்டாகவே. ஆனால் கியூர் வூண்ட்ஸ் எந்தப் பள்ளி என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

சாம்பல்அங்கி:
நெக்ரோமான்சி. 1978-இல் வைத்த இடம்தான் சரி. உயிரைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒரே வித்தை. விசார்ட் பட்டியலில் அது இல்லாவிட்டாலும், காயம் ஆறிய உடம்பில் டிடெக்ட் மேஜிக் போடுகிறவருக்கு நெக்ரோமான்சிதான் தெரியும். ஊர்க்காரர்கள் கோயில் பூசாரியை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்பதை அங்கிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறேன்.