புதுப்பிப்பு: பிளஸ் டூ முடித்த கூடைப்பந்து வீரருக்குச் சென்னையில் என்ன வழி?

பள்ளி முடித்ததும் என் தங்கை மகன் நேராகத் தொழில்முறைக் கூடைப்பந்துக்குச் செல்ல இயலுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

என்பிஏ (அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) கனவை முதலில் சொல்லிவிடுகிறேன். 1996-இல் கோபி பிரையன்ட்டும் 2003-இல் லெப்ரான் ஜேம்ஸும் பள்ளியிலிருந்தே சென்றார்கள். ஆனால் 2006 முதல், அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும் என்பது விதி. 2015-இல் டல்லாஸ் அணி 52-ஆவதாகத் தேர்ந்தெடுத்த பஞ்சாபின் சத்னாம் சிங்குக்கும் அப்போது 19 வயதுதான்.

எங்களுக்குக் கைகொடுத்தது, "முதலில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, பிறகு வேலை தரும் அணி" என்ற யோசனை. தேர்வு ஆட்டத்தில் அவனுடைய தடுப்பாட்டத்தைப் பார்த்து, நகரக் கல்லூரி ஒன்று இடம் கொடுத்துவிட்டது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) போன்ற அணிகள்தான் இங்கே ஆட்டக்காரருக்கு நிலையான வருமானம் தருகின்றன என்பதால், இதுவே உறுதியான பாதை என்று நம்புகிறேன்.

எதிர்பாராதது சான்றிதழ் விஷயம். மாவட்டக் கோப்பைகள் எத்தனை இருந்தாலும், மத்திய அரசுப் பணிக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4 என உரிய அதிகாரியின் கையொப்பத்துடன் கேட்கிறார்கள். பள்ளிக் காலத்தில் ஆடிய போட்டிகளுக்கு உரியவற்றைப் பள்ளியில் படிக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.