பொருளைப் பார்த்து மாறும் வினைக்கு என்ன பெயர் வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

முதுகலை மொழியியல் பாடநூலில் வட அமெரிக்க மொழிகள் பற்றிய இயல் என் பொறுப்பில் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும், ஒரே ஒரு சொல்லில் நான்கு நாளாக நிற்கிறேன். அங்குள்ள அத்தபாஸ்கன் என்ற குடும்பத்து மொழிகளில் 'கொடு' என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. நவஹோவில் ஆப்பிள் கேட்டால் 'ஷா நிஆஹ்', ஒரு தாள் கேட்டால் 'ஷா நில்ட்ஸோஸ்', கோப்பையில் தண்ணீர் கேட்டால் 'ஷா நிகாஹ்'. 'ஷா' என்றால் 'எனக்கு'. மீதியில் வினையடியே வேறு வேறு. நவஹோ தெற்கே அரிசோனா பக்கம் பேசப்படுவது. ஆனால் வடக்கே அலாஸ்காவின் கொயுகானிலும் கனடாவின் தெனெ சுலினேயிலும் இப்படித்தான்.

ஆங்கிலத்தில் கிளாசிஃபிகேட்டரி வெர்ப் என்கிறார்கள். பழைய வரைவில் 'வகைப்பாட்டு வினை' என்று இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இதே மொழிகளில் வினையடிக்கு முன்னால் வரும் ஓர் ஒட்டுக்கு கிளாசிஃபையர் என்று பெயர், அது எதையும் வகைப்படுத்துவதே இல்லை! உருள் என்பதை உருட்டு ஆக்குகிற மாதிரி வேலைதான் பெரும்பாலும் செய்கிறது. இரண்டுக்கும் 'வகை' போட்டால் மாணவர்கள் குழம்பிவிடுவார்கள்.

> பழைய வரைவில் 'வகைப்பாட்டு வினை'

அம்மா, புதுச்சொல் எதற்கு? "வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்" என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் சொல்லியிருக்கிறாரே. அடிசில், அதாவது உணவு, பொதுச்சொல், ஆனால் அதற்குள் உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்று வினை வேறு வேறு. சோற்றை உண்கிறோம், முறுக்கைத் தின்கிறோம், மோரைப் பருகுகிறோம். பொருளைப் பார்த்து வினை மாறுகிறதா இல்லையா? 'ஈ, தா, கொடு' மூன்றும் கேட்பவனின் நிலையைப் பார்த்து மாறும், அவர்களுக்கோ கேட்கிற பொருளைப் பார்த்து மாறுகிறது. 'வேறுவினை' என்றே வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெனெ என்றால் அவர்கள் மொழியில் மக்கள். நமக்கு "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே". தெனெ, திணை. நவஹோக்காரர் தம்மை டினே என்கிறார்கள், இன்னும் நெருக்கம். இதை யாராவது உட்கார்ந்து ஆராய வேண்டும்.

> தெனெ, திணை

ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள், இதை ஏற்க முடியவில்லை. ஒரு சொல் ஒத்துப்போனால் உறவாகிவிடாது. சைபீரியாவின் கெட் மொழியோடு இவற்றுக்கு உறவு உண்டு என்று மொழியியலாளர் எட்வர்ட் வஜ்தா 2008இல் ஒலி மாற்றங்களை வரிசையாக அடுக்கிக் காட்டினார், அதையே எல்லாரும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் இந்த மொழிக்குடும்பத்தை அத்தபாஸ்கன் என்பதற்குப் பதில் 'தெனெ' என்று அழைக்க என் ஓட்டு உண்டு. அத்தபாஸ்கா என்பது கனடாவில் உள்ள ஒரு ஏரிக்கு, கிரீ என்ற வேறொரு பழங்குடி மொழிக்காரர் வைத்த பெயர், நாணல் அங்கங்கே நிற்கும் இடம் என்று பொருள். அதை ஆல்பர்ட் காலட்டின் 1836இல் மொழிக்குடும்பம் முழுவதற்கும் ஒட்டிவிட்டார். தெனெ சுலினேக்காரரைச் சிப்பவையன் என்பதும் கிரீக்காரர் இட்டதுதான். (அந்த ஏரிக்கரையில்தான் 1928இல் சீன மொழியியலாளர் லீ ஃபாங்-குவெய், பிரான்சுவா மாண்டவில் என்பவர் சொல்லச் சொல்லக் கதைகளை எழுதிக்கொண்டார். இதையும் இயலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.) இந்த மொழிகளுக்கான ஆண்டு மாநாடே தன் பெயரை 'தெனெ' என்று மாற்றிக்கொண்டது, நாம் மட்டும் ஏன் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

வினைக்கு 'உருச்சார் வினை' சரியாக வரும். 'வேறுவினை' என்றால் வகுப்பில் யாரும் "வேறு ஏதோ வினை" என்றுதான் படிப்பார்கள்.

> 'உருச்சார் வினை'

உரு மட்டும் போதாதே! நவஹோவில் சேற்றுக்கு ஒரு அடி, கம்பளி உரோமத்துக்கு ஒரு அடி, உயிருள்ளதற்குத் தனி அடி. தூங்கும் குழந்தையைத் தூக்கித் தருவதற்கும் கம்பைத் தருவதற்கும் ஒரே வினை கிடையாது. உயிர் இருப்பது உருவத்தில் சேருமா? 'பொருள்சார் வினை' என்று சொல்லிப் பார்த்தேன், ஆனால் பொருள் என்றதும் சொற்பொருள் வந்து குறுக்கே நிற்கிறது. 'பண்டச்சார்' என்றால் பலசரக்குக் கடை ஞாபகம் வருகிறது. கிளாசிஃபையருக்கு மட்டும் 'பிறவினை ஒட்டு' வையுங்கள். முழுக்கச் சரியில்லை, அதன் சில வடிவங்கள் செயப்பாட்டுவினையிலும் வருகின்றன. ஆனாலும் 'வகை' இல்லாமல் போகும்.

எல்லாருக்கும் நன்றி. நேரம் முடிந்துவிட்டது. தெனெ மொழிகள், உருச்சார் வினை, பிறவினை ஒட்டு என்று கொடுக்கிறேன். சேறும் குழந்தையும் 'உரு'வில் அடங்காது என்பதை முதல் எடுத்துக்காட்டிலேயே சொல்லிவிடுகிறேன். ஐயா, அடிசில் எடுத்துக்காட்டை உங்கள் அனுமதியோடு எடுத்துக்கொள்கிறேன், இதைவிட எளிதாக அந்த இலக்கணத்தை மாணவர்களுக்கு விளக்க முடியாது.

> உருச்சார் வினை என்று கொடுக்கிறேன்

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. ஆனால் கலைச்சொல் அடைவில் 'வேறுவினை காண்க' என்று ஒரு வரியாவது போடுங்கள். திணை பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.