பிளஸ் டூ பையனை நாலு மணிக்கு எழுப்பலாமா, கூடாதா?

கம்பம் அம்மா:
வணக்கம். என் மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறான். காலாண்டில் இயற்பியலில் 70-க்கு 31 வாங்கினான். அன்றிலிருந்து தினமும் காலை நாலு மணிக்கு எழுப்பி விடுகிறேன். அவன் அப்பா காய்கறி லோடு வண்டி ஓட்டுகிறார், மூன்றரைக்கே கிளம்பி விடுவார். அதனால் எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் எப்படியும் விளக்கு எரியும். பையன் முகம் கழுவி, கட்டன் சாயா குடித்துவிட்டு உட்காருகிறான். போன வாரம் அவன் நோட்டைத் திறந்து பார்த்தேன். முதல் நாலு வரி அச்சடித்த மாதிரி இருக்கிறது. ஐந்தாவது வரியில் எழுத்து சரிய ஆரம்பித்து, கடைசியில் பேனா ஒரே கோடாக மார்ஜினைத் தாண்டி இறங்கியிருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை.

இரவு படுக்கப் பதினொன்றரை ஆகிறது. பக்கத்து வீட்டு அக்கா, "நாலு மணிக்குப் படிச்சாத்தான் மனசுல நிக்கும்" என்கிறார். என் தம்பியோ, "பிள்ளையத் தூங்க விடு" என்று சண்டை போடுகிறான். அரையாண்டு நெருங்குகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:
அம்மா, நான் 26 ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். 1200 மதிப்பெண் இருந்த காலத்திலும் சரி, 600 ஆன பிறகும் சரி, விடியற்காலையில் படித்த பிள்ளைகள் வீணாய்ப் போனதை நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் தெருவில் சத்தம் இருக்காது, டிவி ஓடாது, நண்பன் மெசேஜ் அனுப்ப மாட்டான். முந்தைய நாளின் களைப்பும் இருக்காது.

நாலு மணியில் தப்பு இல்லை, பதினொன்றரையில்தான் இருக்கிறது. ஒன்பது மணிக்குப் படுக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்துக்கு எழ வேண்டும். மூன்று வாரம் தள்ளாடுவான், அப்புறம் உடம்பே எழுப்பிவிடும். நேர ஒழுக்கம் இல்லாத பையனுக்கு எந்தப் பாடமும் கைகொடுக்காது.

ராப்பாடி:
சார், மரியாதையோடு மறுக்கிறேன். நான் இப்போது இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. பிளஸ் டூ முழுக்க இரவு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான் படித்தேன். காலையில் ஆறரைக்கு எழுந்தேன். எங்கள் வீட்டிலும் முதல் இரண்டு மாதம் நாலு மணிக்கு எழுப்பிப் பார்த்தார்கள். அந்த இரண்டு மாதத்தில் நான் படித்த பாடம் எதுவுமே எனக்கு ஞாபகம் இல்லை, அப்பாவின் திட்டு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

ஒன்பது மணிக்குப் படு என்று சொல்வது சுலபம். பதினேழு வயதில் ஒன்பது மணிக்குப் படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

மதுரை செவிலி:
தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. பருவ வயதில் உடம்பின் கடிகாரம் பின்னால் தள்ளிப் போகும். தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பே சிறு பிள்ளைகளைவிட இவர்களுக்குத் தாமதமாகத்தான் தொடங்கும். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் வரையறுத்தது. கலிஃபோர்னியாவில் மேல்நிலைப் பள்ளிகளை எட்டரைக்கு முன் திறக்கக் கூடாது என்று சட்டமே போட்டு, 2022-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

கம்பம் அக்கா, உங்கள் மகன் தூங்குவது நாலரை மணி நேரம். பகலில் படித்ததைத் தூக்கத்தில்தான் மூளை பதிய வைக்கிறது. தூக்கத்தை வெட்டி அந்த நேரத்தில் படிக்க வைப்பது, நட்ட நாற்றைப் பிடுங்கி அதே இடத்தில் இன்னொன்றை நடுகிற மாதிரி. அந்தக் கட்டன் சாயாவையும் மாலைக்கு மேல் கொடுக்காதீர்கள். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதில் உள்ள கஃபீனில் சுமார் பாதி உடம்பிலேயே இருக்கும்.

கரும்பலகை:
செவிலியம்மா, கலிஃபோர்னியா இருக்கட்டும். நம் ஊரில் விவசாய வீட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கோழி கூவும்போது எழுந்தவர்கள்தானே? அவர்கள் மூளையில் எதுவும் பதியாமலா போயிற்று?

மதுரை செவிலி:
அவர்கள் எட்டரைக்கே படுத்தார்கள் சார். விளக்கும் இல்லை, போனும் இல்லை.

வெண்ணிலா:
இந்த விவாதத்தைப் படிக்கப் படிக்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பிள்ளையின் கையில் முழு நாளும் இருக்கிறது, அதை எப்படிப் பங்கு போடலாம் என்பது மட்டும்தான் கேள்வி என்கிற மாதிரி எல்லோரும் பேசுகிறீர்கள்.

நானும் நாலு மணிக்கு எழுந்து படித்தவள்தான். ஒழுக்கமான பெண் என்று ஊரே சொன்னது. ஆனால் காரணம் வேறு. ஐந்தரைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும், பன்னிரண்டு குடம் பிடிக்க வேண்டும். அப்புறம் வாசல், பாத்திரம், தம்பிக்குச் சாப்பாடு. பள்ளி விட்டு வந்தால் மறுபடியும் அடுப்படி. யாரும் என்னைக் கூப்பிடாத நேரம் நாலிலிருந்து ஐந்தரை வரை மட்டும்தான். அந்த ஒன்றரை மணி நேரம்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது. அது எனக்குக் கிடைத்த இடைவெளி, அவ்வளவுதான். அதில் புனிதம் எதுவும் இல்லை. என் தம்பியை எட்டு மணி வரைக்கும் தூங்க விட்டார்கள். நேர மேலாண்மை பற்றிப் பேசுகிறவர்கள், ஒரு வீட்டில் யாருடைய நேரத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும்.

அக்கா, உங்களுக்கு ஒரு யோசனை. மூன்று நாளுக்கு எதையும் மாற்றாதீர்கள், திட்டவும் திட்டாதீர்கள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், எத்தனை மணிக்கு என்ன செய்தான் என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். நேரம் எங்கே போகிறது என்று தெரியாமல் டைம்டேபிள் போட்டால் அது சுவருக்குத்தான் அழகு.

கம்பம் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. வெண்ணிலா சொன்னபடி மூன்று நாள் எழுத வைத்தேன். அவன் ஒளிக்கவில்லை, உள்ளதை எழுதினான். அதைச் சுருக்கி இங்கே போடுகிறேன்.

பஸ் 7.35. காலைச் சிறப்பு வகுப்பு 8.15. பள்ளி விட்டதும் மாலைச் சிறப்பு வகுப்பு. வீடு திரும்ப 6.50. சாப்பாடு, குளியல் முடிந்து எட்டு மணிக்கு உட்காருகிறான். எட்டிலிருந்து பதினொன்றரை வரை மூன்றரை மணி நேரம். அதில் படித்தது ஒன்றே முக்கால் மணி நேரம் என்று அவனே எழுதியிருக்கிறான். மீதி போன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் பிடிஎஃப்-ஆக வருகிறது. அதைப் பார்க்க எடுக்கிறான், அப்படியே எங்கேயோ போய்விடுகிறான். காலை நாலிலிருந்து ஆறு வரை விழித்திருந்தது முதல் நாள் 40 நிமிடம், அடுத்த நாள் 50, மூன்றாம் நாள் 25. பஸ்ஸில் தூங்கியதையும் எழுதியிருக்கிறான். முதல் பீரியடில் தூங்கியதற்கு வெளியே நிற்க வைத்தார்களாம். அதை என்னிடம் சொன்னதே இல்லை.

ராப்பாடி:
அக்கா, இரவு ஒன்றே முக்கால், காலையில் சராசரியாக முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. சேர்த்தால் இரண்டரை மணி நேரம்கூட வரவில்லை. அதற்குத்தான் பையன் நாலரை மணி நேரத் தூக்கத்தோடு அல்லாடுகிறான்.

அந்த நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்று கேளுங்கள். படித்ததையே திரும்பப் படிப்பான், ஸ்கெட்ச் பேனாவில் கோடு போடுவான். நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் இயற்பியல் ஆசிரியர்தான் மாற்றினார். ஒரு பக்கம் படி, புத்தகத்தை மூடு, வெள்ளைத்தாளில் ஞாபகம் இருப்பதை எழுது, அப்புறம் திறந்து விட்டதைச் சிவப்பில் சேர். முதல் நாள் தாளில் பாதிக்கு மேல் சிவப்புதான். அவமானமாக இருந்தது. ஆனால் அந்தச் சிவப்பு வரிகள்தான் எனக்குத் தெரியாதவை என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

பின்னால் கல்லூரியில் இதற்கான ஆய்வையும் படித்தேன். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்டது. ஒரு பகுதியை மாணவர்கள் சிலர் திரும்பப் படித்தார்கள், சிலர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். அந்த ஐந்து நிமிடம்தான் நம்மை ஏமாற்றுகிறது. படித்து முடித்ததும் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும்.

கரும்பலகை:
தம்பி, எழுதிப் பார்ப்பது புதிதா என்ன? நான் 26 வருடமாக ஸ்லிப் டெஸ்ட் வைப்பது எதற்காக? எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்று 1885-லேயே அளந்து எழுதிவிட்டார். அதனால்தான் இன்று நடத்தியதை நாளையும், அடுத்த வாரமும், அடுத்த மாதமும் கேட்கிறோம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. புரியாததை எழுதிப் பார்த்தால் புரியாததுதான் பதியும். இன்னொன்று, இயற்பியல் எழுத்துத் தேர்வு மூன்று மணி நேரம், 70 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டரை நிமிடம்தான் வருகிறது, ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பதின்மூன்று நிமிடம்கூட இல்லை. படம், தருவிப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கையில் கடிகாரத்தோடு எழுதிப் பழகாதவன், பதில் தெரிந்தும் கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டு வருவான். கட்டுப்பாடு வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். நள்ளிரவில் இஷ்டத்துக்குப் படிக்கிறவனுக்கு இது வராது.

மதுரை செவிலி:
சார், தேர்வு காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் மூளை தெளிவாக இருக்க வேண்டுமானால் தூங்கியிருக்க வேண்டும். இன்னொன்றையும் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு வைத்துவிட்டு, நேர ஒழுக்கத்தைப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது நியாயமா? அந்த இரண்டு வகுப்பும் இல்லை என்றால் அவன் எட்டு மணி நேரம் தூங்குவான்.

கரும்பலகை:
நியாயமான கேள்வி. நேர்மையாகவே சொல்கிறேன். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் ஆசிரியரைத்தான் கேட்பார்கள். அந்தப் பயத்தில்தான் பல சிறப்பு வகுப்புகள் ஓடுகின்றன. ஆனால் வீட்டில் உட்கார இடமே இல்லாத பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் படிக்கிற நேரம். அவர்களை நினைத்துத்தான் என்னால் நிறுத்த முடியவில்லை. எல்லோரையும் கட்டாயமாக உட்கார வைப்பது தேவைதானா என்று யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் விடியற்காலைப் படிப்பு பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை.

கணக்குப் பிரியன்:
25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறையை யாரும் சொல்லவில்லையே? 1980-களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கியது. போன் பழக்கத்துக்கு நல்ல மருந்து. ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கும் உயிரியலுக்கும் அருமையாக ஒத்துவரும். கணக்குக்கு வேண்டாம். ஒரு தொகையீட்டுக் கணக்கின் நடுவில் மணி அடித்தால் மறுபடியும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

வெண்ணிலா:
டைமரைப் போனில் வைக்காமல் இருந்தால் சரி. வீட்டில் அலாரம் கடிகாரம் இருந்தால் அது போதும்.

கம்பம் அம்மா:
பத்து நாள் கழித்து வந்திருக்கிறேன். வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன்.

வாட்ஸ்அப் வீட்டுப்பாடத்தை ஏழரைக்கே நோட்டில் எழுதிக்கொள்கிறான். எட்டு மணிக்குப் போன் என் தையல் மிஷின் டிராயருக்குள் போகிறது. என் போனும்தான், அது அவன் போட்ட நிபந்தனை. எட்டிலிருந்து பத்து வரை படிப்பு, பத்தேகாலுக்குப் படுக்கை. ஐந்தே முக்காலுக்கு எழுகிறான். செவிலி சொன்ன எட்டு மணி நேரம் இன்னும் வரவில்லை, ஏழரை வருகிறது. காலையில் புதிதாக எதையும் படிப்பதில்லை. முந்தின இரவு படித்ததைக் காலண்டர் தாளின் பின்னால் பார்க்காமல் எழுதுகிறான், அரை மணி நேரம். முதல் நாள் தாள் ராப்பாடித் தம்பி சொன்னது போலவே சிவப்பாக இருந்தது. கசக்கப் போனான், நான்தான் வாங்கி வைத்தேன். கரும்பலகை சார், உங்களுக்காக ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு பழைய வினாத்தாளும் எழுதினான். மூன்று மணி நேரத்தில் முடிக்கவில்லை, இரண்டு ஐந்து மதிப்பெண் கேள்வி விட்டுப்போயிற்று.

தண்ணீர்க் குடத்தை இப்போது அவனும் தூக்குகிறான். என் மகள் பத்தாவது படிக்கிறாள், வெண்ணிலா எழுதியதை அவளும் படித்தாள்.

இன்று காலை எழுதிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு, "அம்மா, மின்காந்தத் தூண்டல் பாடத்துல வர்ற லென்ஸ் விதியில அந்த மைனஸ் குறி எதுக்கு? எழுதுறேன், ஆனா எதுக்குன்னு தெரியல" என்றான். நான் எட்டாவது வரைதான் படித்தவள். யாராவது சொல்லுங்களேன், 7.35 பஸ்ஸுக்கு முன்னால் சொன்னால் நல்லது.

ராப்பாடி:
அக்கா, இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். கம்பிச்சுருள் வழியாகப் போகும் காந்தப்பாயம், அதாவது சுருளை ஊடுருவும் காந்தப்புலத்தின் மொத்த அளவு, மாறும்போது அதில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. அதனால் ஓடும் மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய மாற்றத்தையே எதிர்க்கும். மைனஸ் குறி அந்த எதிர்ப்பைத்தான் காட்டுகிறது.

கரும்பலகை:
அது எதிர்க்காமல் உதவினால் என்ன ஆகும் என்று அவனையே யோசிக்கச் சொல்லுங்கள். காந்தத்தை ஒருமுறை லேசாகத் தள்ளினால் போதும், சுருள் அதைத் தானே உள்ளே இழுக்கும், வேகம் கூடும், மின்னோட்டமும் கூடும், இன்னும் வேகமாக இழுக்கும். செலவே இல்லாமல் ஆற்றல் வந்துகொண்டே இருக்கும். அப்படி நடக்காது, ஆற்றல் மாறா விதி விடாது. இதை மாலையில் பார்க்காமல் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள் அம்மா. படத்தோடு.