மன்னார்குடி பக்கம் சிறுவர் திரைப்பட விழா: மண்டபம், புரொஜெக்டர், அனுமதி பற்றிச் சொல்லுங்கள்

வடவாறு வாசகர்:
நூலக வாசகர் வட்டம் சார்பில் இரண்டு நாள் சிறுவர் திரைப்பட விழா நடத்தப் பேச்சு. 6 முதல் 15 வயது வரை 150 பிள்ளைகள் வரலாம். நவம்பர் 14-ஐ ஒட்டி, கல்யாண மண்டபத்தில். பகலில் படம் தெரியுமா? ஈரானியப் படங்கள் போட ஆசை, சப்டைட்டிலைப் பிள்ளைகள் படிப்பார்களா? அனுமதி ஏதும் வாங்கணுமா?

வெண்ணாற்றங்கரை:
தோழர், முதலில் தேதியை மாத்துங்க. நவம்பர் நடுவில் டெல்டாவில் மழை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. கஜா புயல் கரையேறியதே 2018 நவம்பர் 16 விடிகாலையில்தான். அரையாண்டு விடுமுறைக்குத் தள்ளுங்க. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். தை பிறந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்றைக்கு என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிட்டு நாளை முடிவு செய்யுங்க.

ஒளியும் ஒலியும்:
பகலில் தெரியும், இருட்டாக்கினால். 10 அடி அகலத் திரைக்கு 3500 லூமென்ஸ் (வெளிச்சத்தின் அளவு) புரொஜெக்டர் போதும். ஆனால் எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் திரையில் கறுப்பு. அதனால் ஜன்னல் வெளிச்சம் பட்டால் முதலில் இரவுக் காட்சிகள்தான் காணாமல் போகும். முந்தின நாள் காலை 11 மணிக்குத் திரை பக்கத்தில் நின்று பேப்பர் படித்துப் பாருங்க. படிக்க முடிந்தால் இருட்டு போதாது. மேலே இருக்கும் வென்டிலேட்டர்களைத்தான் எல்லாரும் மறப்பார்கள். தார்ப்பாயை ஜன்னலோடு ஒட்டாமல் ஒரு அடி தள்ளித் தொங்கவிட்டால் காற்றும் வரும்.

திரையின் அடி விளிம்பு தரையிலிருந்து 4 அடி உயரம் இருக்கணும். இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைக்கும். முதல் வரிசை திரைக்கு 10 அடி தள்ளி. புரொஜெக்டரின் த்ரோ ரேஷியோ (திரையின் அகலத்தைப் போல் எத்தனை மடங்கு தள்ளி வைக்கணும் என்ற கணக்கு) 1.5 என்றால் அதை 15 அடியில் வைக்கணும், அதாவது பிள்ளைகளுக்கு நடுவே. ஆறடி ஸ்டாண்டில் ஏற்றி, காலைச் சுற்றிக் கயிறு கட்டுங்க. லேப்டாப்பும் அங்கேயே இருக்கட்டும். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டு விட்டு வரும். நீளமாக இழுப்பதானால் ஆடியோ கேபிளை இழுங்க. ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், வாய் அசைந்த பிறகு சத்தம் வரும். டைல்ஸ் தரையில் எதிரொலி அதிகம். தரை முழுக்க ஜமுக்காளம், பின்சுவரில் கனத்த துணி.

வடவாறு வாசகர்:
நன்றி சார். மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கு. யுபிஎஸ் தனியாக வேணுமா?

ஒளியும் ஒலியும்:
கட்டாயம். ஜெனரேட்டர் எடுப்பதற்குள் புரொஜெக்டர் அணைந்துவிடும். பல்பு சூடாக இருக்கும்போதே ஃபேனும் நின்றுபோனால் பல்பின் ஆயுள் குறையும். சூடு ஆறாமல் திரும்பவும் எரியாது, அந்தச் சில நிமிடத்தில் 150 பிள்ளைகளும் எழுந்துவிடுவார்கள். புரொஜெக்டருக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் 1 கேவிஏ போதும். ஸ்பீக்கரை அதில் மாட்டாதீங்க.

திரைக்கதவு:
அனுமதி பற்றி. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பார்ப்பவர்கள் அந்தப் பள்ளியின் மாணவர், ஆசிரியர், பெற்றோர், அதன் பணிகளோடு தொடர்புடையவர்கள் மட்டுமே. நாலு ஊர்ப் பிள்ளைகளை மண்டபத்தில் கூட்டினால் அது பொருந்தாது. இலவசம் என்பதும் காப்பாற்றாது. ஓடிடி சந்தா வீட்டில் பார்க்கத்தான். உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்க, அல்லது பள்ளி நிகழ்ச்சியாகவே பள்ளியில் வையுங்க. என் ஓட்டு பள்ளிக்கே. தணிக்கைச் சான்று இல்லாத வெளிநாட்டுப் படத்தைப் பொதுவில் போட ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கும் வேண்டும்.

இந்தியாவில் படத்தின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. சாப்ளினின் 'தி கிட்' (1921) அந்தக் கெடுவைத் தாண்டியது. ஆனால் அவர் 1971-இல் இசை சேர்த்த பதிப்பு வேறு கணக்கு.

சப்டைட்டிலை எட்டு வயதுக்குக் கீழே நம்பாதீங்க. அவர்களுக்கு வசனமில்லாத குறும்படங்கள், மொத்தம் 45 நிமிடம். மௌனப் படமானால் எழுத்து வரும்போது ஒருவர் மைக்கில் தமிழில் படிக்கலாம். ஈரானியப் படமான 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997, 89 நிமிடம்) ஒன்பது வயதுக்கு மேல் தாங்கும். தமிழ் சப்டைட்டிலை நீங்களே எழுதினால் ஒரே வரி, 25 எழுத்துக்குள், குறைந்தது 4 விநாடி. கோப்பை யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்து சிதையாத வடிவம்) ஆகச் சேமித்து, படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்க. பென் டிரைவை நேராக டிவியில் செருகினால் எழுத்தின் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், இல்லையேல் வெறும் கட்டம்தான்.

கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்க. சப்டைட்டில் விநாடிக்கு 25 பிரேம் ஓடும் பிரதிக்கு எழுதியது, படம் 24 பிரேம் என்றால் ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட இரண்டரை நிமிடம் விலகிவிடும். விஎல்சியில் முன்பின் தள்ளுவது இதற்கு உதவாது, சப்டைட்டில் எடிட்டரில் பிரேம் ரேட்டையே மாற்றணும்.