கல்வி அமைச்சர் கல்வித்துறையில் இருந்துதான் வர வேண்டுமா? தாய்லாந்து நத்தாபொல் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மல்லாவிப் பெடியன்:
வணக்கம். எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புகளுக்கு விவாதப் போட்டி, 'கல்வி அமைச்சர் கல்வித்துறையில் இருந்துதான் வர வேண்டும்' என்பது தலைப்பு, நாங்கள் ஆதரித்துப் பேச வேண்டும். எதிரணி நம் நாட்டு ஆட்களைத்தான் இழுப்பார்கள், அதனால் வெளிநாட்டு உதாரணம் ஒன்று கையில் இருந்தால் நல்லது. தாய்லாந்தில் நத்தாபொல் தீப்சுவன் என்ற கல்வி அமைச்சர் பதவியில் இருக்கும்போதே சிறைக்குப் போனார் என்று அண்ணா சொன்னார். ஊழலா? அவரை வைத்துப் பேசலாமா?

கனகராயன்குளம்:
ஊழல் இல்லை தம்பி, மேடையில் அப்படிச் சொல்லி மாட்டிக்கொள்ளாதே. ஆள் வியாபாரக் குடும்பம், பாங்கொக்கில் ஜனநாயகக் கட்சி எம்.பி.யாக இருந்தவர். 2013-14 இல் அப்போதைய பிரதமர் யிங்லக்கின் அரசுக்கு எதிராகத் தெருவை மறித்து, விசில் ஊதி நடத்திய பெரிய போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர். அது கடைசியில் 2014 மே மாத இராணுவப் புரட்சியில் போய் முடிந்தது. 2019 இல் அந்தப் புரட்சியை நடத்திய பிரயுத்தின் அமைச்சரவையிலேயே கல்வி அமைச்சராக வந்தார். பழைய போராட்ட வழக்குத்தான் 2021 பெப்ரவரி 24 இல் தீர்ப்பானது, ஏழு வருடத்துக்கு மேல் தண்டனை, அன்றோடு பதவியும் போனது. இரண்டு நாளில் பிணையில் வந்துவிட்டார், அது வேறு கதை.

ஆனால் எனக்குப் பிடித்தது 2020 ஓகஸ்ட் சம்பவம்தான். தலைமுடி விதி, சீருடை, ஆசிரியர்களின் அடி உதை என்று மாணவர்கள் கல்வி அமைச்சுக்கு முன்னால் கூடினார்கள். அமைச்சர் பேச வெளியே வந்தபோது அவரைப் பார்த்து விசில் ஊதினார்கள், அவர் முன்பு ஊதிய அதே விசில்! பேச வேண்டுமென்றால் வரிசையில் போய் நில்லுங்கள் என்றும் கத்தினார்கள். அவரும் செப்டெம்பரில் அவர்களோடு மேடையேறி விவாதித்தார், அதற்கு மட்டும் ஒரு மதிப்பெண் போடலாம். நம்மூரில் தலைமுடி கொஞ்சம் வளர்ந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள், அமைச்சரோடு விவாதிப்பது எங்கே.

துணுக்காய் ரீச்சர்:
விசில் கதை கேட்க நல்லாத்தான் இருக்கும், நடுவர் சிரிப்பார், புள்ளி தரமாட்டார். அவர் செய்ததைப் பாருங்கள். 120 பிள்ளைகளுக்குக் குறைந்த சிறு பள்ளிகளைப் பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்க்க வேண்டும் என்று நின்றவர் அவர். கணக்குப்படி சரிதான், ஆசிரியர் பற்றாக்குறை தீரும். ஆனால் எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பள்ளியை மூடினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை யானை குறுக்கே வரும் காட்டுப் பாதையில் சைக்கிள் மிதிக்க வேண்டும், பஸ் காலையில் ஒன்று, அதுவும் வந்தால்தான். இந்த மனிதரின் குடும்பமோ இங்கிலாந்தில் ரக்பி என்ற பணக்காரத் தனியார் பள்ளியின் தாய்லாந்துக் கிளையைத் தொடங்கிய குடும்பம். தப்பென்று சொல்லவில்லை, ஆனால் சிறு பள்ளிக்கூடத்தை எந்த இடத்தில் நின்று பார்க்கிறார் என்று நீங்கள் கேட்கலாம்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொரோனா நேரம் 2020 மே மாதம் சட்டலைட் தொலைக்காட்சி வழியாகப் பாடம் நடத்தினார்கள். அந்தச் சேவை 1995 இலேயே ஹுவா ஹின்னில் ஒரு பள்ளியில் இருந்து தொடங்கியது. அந்த நேரம் சிக்னல் தேடி ஃபோனோடு குளக்கட்டில் ஏறிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அதனால் அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

வவுனியா வடக்கு:
எதிரணிக்கு நான் உதவுகிறேன், ஹிஹி. நத்தாபொலுக்கு முன்பு இருந்த தீரகியாத் படித்த மனிதர், சிறுவர் மனநல மருத்துவர். அவர் காலத்திலும் அந்த முடி விதி அப்படியே இருந்தது. ஆனால் கல்வியே தொழிலாக இல்லாத நத்தாபொல் காலத்தில்தான், 2020 இல், ஆணோ பெண்ணோ முடியை நீளமாகவும் வைக்கலாம் என்று அமைச்சு விதியை மாற்றியது. அப்புறம் எங்கே நிற்கும் உங்கள் வாதம்?

மல்லாவிப் பெடியன்:
ஐயோ அண்ணை, இதை எதிரணியும் பார்த்தால்?

துணுக்காய் ரீச்சர்:
பார்க்கட்டும். விதி மாறியும் கடைசி முடிவைப் பள்ளிக்கூடத்தின் கையில்தான் விட்டார்கள், அதனால் பல இடங்களில் பழையபடியே கத்தரித்தார்கள். பள்ளிக்கூடம் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர் அந்த ஓட்டையை விட்டிருக்கமாட்டார் என்று நீங்கள் பிடியுங்கள். அடுத்து, 2016 இறுதியில் இருந்து 2025 வரை தீரகியாத், நத்தாபொல், திரீனுச், பெர்ம்பூன், நருமொன் என்று ஐந்து பேர் அந்தக் கதிரையில். பெர்ம்பூன் பொலிஸ் ஜெனரல்! அந்தப் பெயரை முதல் பேச்சாளரிடம் கொடுங்கள்.